வயலுக்குள் லாரி இறங்கலாமா?

தை, மாசி மாதங்களில் கரும்பு வெட்டு நடக்கும் பிரதேசங்களில் மாலை வேளையில் சாலை வழியே செல்வோர், வயலின் நடுவே பின்சக்கரங்கள் அச்சு மட்டும் புதைந்து ஒருபுறம் சாய்ந்து நிற்கும் பார லாரியொன்றைக் காணாமல் திரும்புவது அரிது. சுற்றிலும் பத்துப் பேர் கூடி நின்று ஆளுக்கொரு யோசனை கூறுவர். கட்டுகளில் பாதியை இறக்கச் சொல்வார் ஒருவர். சோகையை வாரிச் சக்கரத்தடியில் இடச் சொல்வார் மற்றொருவர். டிராக்டரும் சங்கிலியும் கொண்டுவர ஆள் போயிருக்கும். இரவு நெடுநேரங் கழித்து லாரி ஒருவாறு கரையேறும். மறுநாள் அதே வயலில் அடுத்த லாரி இறங்கும்.

இவ்விஷயத்தில் அண்மையில் புதியதோர் எண்ணமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. புதிய லாரிகள் சிலவற்றில் சக்கரம் வழுக்காமல் தடுக்கும் கருவியும், வண்டி நிலைதவறாமல் காக்கும் கருவியும் வைக்கப்பட்டே வருகின்றன. ஆகையால் அவற்றை எந்த நிலத்திலும், எவ்வளவு பாரத்தோடும் துணிந்து ஓட்டலாம் என்று சொல்வோர் உளர். இவ்வெண்ணம் தவறானது. ஈரம் காயாத வயலுக்குள் பார லாரியை இறக்கும் வழக்கமே நிறுத்தத்தக்கது. இதற்குரிய காரணங்களைக் குடியானவர்களும், ஆலைகளின் வயல் அலுவலர்களும், லாரி உடைமையாளர்களும் சற்றுப் பொறுமையுடன் ஆலோசித்தல் நலம்.

முதலில் அக்கருவிகள் செய்யும் வேலை யாது என்பதைப் பார்ப்போர்க்கு உண்மை எளிதில் விளங்கும். லாரியின் பின்னச்சில் டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரக் கூட்டம் இருக்கிறது. வளைவில் வெளிப்புறச் சக்கரம் அதிகமாகவும் உட்புறச் சக்கரம் குறைவாகவும் சுழல வேண்டியிருப்பதால் அதற்கு இடங்கொடுப்பதே அதன் தொழில். ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. இரு பக்கத்துக்கும் அது முறுக்கு விசையைச் சமமாகவே பங்கிடும். ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் பிடிப்பின்றிச் சுழலுமாயின், அச்சக்கரம் ஏற்கும் அற்ப விசைதான் மறுபக்கத்துக்கும் கிடைக்கும். கெட்டியான தரையில் நிற்கும் சக்கரம் அசையாமல் நிற்க, சேற்றிலிருக்கும் சக்கரம் மட்டும் காற்றாடிபோற் சுழல்வதன் காரணம் இதுவே. வழுக்கல் தடுப்புக் கருவியானது சக்கரங்களின் வேகத்தை உணர்ந்து, சுழலும் சக்கரத்துக்குமட்டும் பிரேக் பிடித்து, அதன் வாயிலாக மறுசக்கரத்துக்கு விசை செல்லுமாறு செய்கிறது; எஞ்சினின் வேகத்தையுங் குறைத்துவிடுகிறது. இருக்கும் பிடிப்பை இரு பக்கமும் பங்கிடுவதற்கு மேல் அதனால் ஆவது ஒன்றுமில்லை. இரு பக்கச் சக்கரங்களும் சேற்றில் இருக்குமிடத்து, பங்கிடுவதற்கே பொருள் இல்லை.

பிடிப்பு என்பது மண் கொடுக்க வேண்டியது. மண்ணின் தாங்கும் வலிமை இரண்டு பகுதிகளால் ஆனதென்று பிரெஞ்சு தேசத்து எஞ்சினீயர் கூலோம் 1773-ஆம் வருஷத்திலேயே எடுத்துக்காட்டினார். ஒன்று, மண் துகள்கள் தம்முள் ஒட்டிக்கொள்ளும் பசை. மற்றொன்று, மேலிருந்து அழுத்தும் பாரத்தால் துகள்களுக்கிடையே எழும் உராய்வு. இவ்விரண்டிற்குமுள்ள வேற்றுமை வண்டி ஓட்டுபவருக்கு மிகவும் முக்கியமானது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் பசை இல்லை, உராய்வே உண்டு. அங்கே சக்கரத்தின் மேல் பாரம் கூடினால் பிடிப்பும் ஓரளவு கூடும். காவேரி டெல்டாவின் ஈரக் களிமண்ணிலோ உராய்வு மிகச் சொற்பம், பசையே பிரதானம். பசை தரும் பிடிப்பு சக்கரம் மண்ணைத் தொடும் பரப்பைப் பொறுத்ததேயன்றிப் பாரத்தைப் பொறுத்ததன்று. ஆகவே “பாரம் ஏற்றினால் சக்கரம் நன்றாகப் பிடிக்கும்” என்று மணற்பாங்கான ஊரில் கற்ற பாடத்தை நம்பிக் களிமண் வயலில் பாரத்தைக் கூட்டுபவர், பிடிப்பைக் கூட்டாமல் புதைவை மட்டும் கூட்டிக்கொள்கிறார். டிராக்டர் டயர்களில் முக்கால் பாகம் ஜலம் நிரப்பும் முறைக்கும் இதே விதி பொருந்தும். புன்செய் உழவில் அது மிகவும் பிரயோஜனமானது. சேற்றுழவில் அதுவே சுமை.

மாட்டு வண்டி எவ்வாறு அதே சேற்றில் சென்றது என்று முதியோர் சிலர் வினவுவது நியாயமே. மாட்டு வண்டியின் சக்கரம் பாரத்தைத் தாங்கி உருண்டதேயன்றி இழுக்கவில்லை. இழுத்தவை மாடுகளின் குளம்புகள். அவை மண்ணைக் கரைக்காமல் ஊன்றி ஊன்றி எடுத்தன. லாரியின் சக்கரமோ தாங்கவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். மேலும் பத்துச் சக்கர லாரிகளில் பெரும்பான்மையானவற்றில் எஞ்சினின் விசை ஓர் அச்சிலுள்ள நான்கு சக்கரங்களுக்கே செல்கிறது. மற்ற ஆறும் மாட்டு வண்டிச் சக்கரம்போல் வெறுமனே உருள்பவை. அவற்றின்மேல் இருக்கும் பாரம் இழுவைக்கு உதவாமல், இழுக்கப்படவேண்டிய பாரமாகவே நிற்கிறது.

சக்கரம் சிறிதும் நழுவாமல் இழுப்பது இயலாத காரியம். டிராக்டர்களைப் பற்றிய பரீட்சைகளில், சக்கரம் 8 முதல் 15 சதவிகிதம் வரை நழுவும்போதே எஞ்சினின் விசை சிறந்த முறையில் இழுவையாக மாறுகிறதென்று கண்டிருக்கிறார்கள். கெட்டி நிலத்தில் இதன் கீழ்வரம்பும் இளகிய நிலத்தில் மேல்வரம்பும் பொருந்தும். அதற்கு மேல் நழுவும் சக்கரம் மண்ணை அறுத்துப் பின்னே எறியத் தொடங்கும். முழுதும் நழுவும் சக்கரம் கிணறு தோண்டும் கருவியே ஆகும். புதைந்தபின் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு நொடியும் லாரியைக் கீழே இறக்குகிறதேயன்றி முன்னே செலுத்துவதில்லை. முன்னே போகாது என்று தெரிந்தவுடன் மிதியை விட்டு, வந்த தடத்திலேயே மெல்லப் பின்வாங்குபவர் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்.

தார்ச் சாலைக்கென்று செய்த கருவிகள் சேற்றிலும் மணலிலும் சில வேளைகளில் இடையூறாகவும் ஆகின்றன. மணலில் அசைவு நின்றால் சக்கரம் அமிழும். ஆகவே சிறிது நழுவினாலும் ஓட்டத்தை விடாமல் கொண்டுசெலுத்த வேண்டும். அச்சமயத்தில் கருவி குறுக்கிட்டு எஞ்சினை அடக்கினால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். இதனாலேயே அத்தகைய வண்டிகள் பலவற்றில் கருவியை நிறுத்திவைக்கவோ தளர்த்தவோ ஒரு விசைப்பொத்தான் வைத்திருக்கிறார்கள். அஃது எங்கே இருக்கிறதென்றே தெரியாத டிரைவர்கள் பலர். தெரிந்தோரிலும் சாலைக்குத் திரும்பியபின் அதை மீண்டும் இயக்க மறப்போர் உளர். பின்னது முன்னதைவிட அபாயமானது.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி மோட்டார் கார்களில் விற்பனைக்கு வந்த காலமுதல் எண்ணற்ற உயிர்களைச் சாலைகளில் காத்திருக்கிறது. அதில் ஐயமில்லை. ஆயினும் பொடி மண்ணிலும் சரளையிலும் பூட்டிக்கொண்ட சக்கரம் தன் முன்னே மண்ணைக் குவித்து அதையே தடையாக்கிக்கொள்ளும். பூட்டிக்கொள்ளாத சக்கரத்துக்கு அக்குவியல் கிட்டாது. ஆகையால் நிற்கும் தூரம் நீளும். வயற்பாதையில் இறங்கும் டிரைவர் இதையறிந்து முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். 1995-இல் கார்களில் வந்து, பிற்பாடு பார வண்டிகளுக்கும் பரவிய நிலைப்புக் கருவியோ, டிரைவர் ஸ்டீரிங்கைத் திருப்பும் அளவையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் ஒப்பிட்டு, வேற்றுமை கண்டால் தக்க சக்கரத்துக்குப் பிரேக் பிடிப்பது. ஆழ்ந்த தடத்தில் ஓடும் வண்டி ஸ்டீரிங் சொன்னபடி போவதில்லை. தடம் சொன்னபடியே போகும். அங்கே கருவி காணும் வேற்றுமைக்குப் பொருளே கிடையாது.

இனி, வண்டி கவிழ்வதைப் பற்றிய கணக்கு. இது பலரும் நினைப்பதைவிடக் கடுமையானது. இரு பக்கச் சக்கரங்களுக்கிடையே 1.8 மீட்டர் அகலமும், பாரத்தோடு தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரத்தில் பாரமையமும் உள்ள லாரியொன்றை எடுத்துக்கொண்டால், அஃது அசையாமல் நிற்கும்போது சுமார் 26 டிகிரி சாய்வில் கவிழ்ந்துவிடும். வைக்கோலோ கரும்போ உயர ஏற்றிப் பாரமையம் 2.2 மீட்டருக்குச் சென்றால் 22 டிகிரியே எல்லை. வில்லுகளின் வளைவும் டயர்களின் அமுக்கமும் இவ்வெல்லையை இன்னுங் குறைக்கும். 22 டிகிரிச் சரிவு எந்த வயலில் இருக்கிறது என்று கேட்கலாம். சரிவு வயலில் இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கச் சக்கரம் ஓரடி ஆழத் தடத்தில் இறங்கினாலே லாரி 10 டிகிரி சாய்ந்துவிடும். அந்நிலையில் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில், சாய்ந்த பக்கம் வெளிப்புறமாக அமைய, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், வண்டியின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு விசை அதைப் பக்கவாட்டில் தள்ளும். மேற்சொன்ன முதல் லாரி கவிழ்வதற்கு இஃது போதும். வேகம் 10 கிலோமீட்டராகப் பாதி குறைந்தால் தள்ளும் விசை நாலிலொரு பங்காகிவிடும், லாரி நிற்கும். ஓரடித் தடம், உயர்ந்த பாரம், சற்று அவசரம் ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்வது வெட்டுக் காலத்தில் அன்றாட நிகழ்ச்சியே. பாரமையத்தைத் தாழ்த்த எந்தக் கருவியாலும் முடியாது. அதைச் செய்யத்தக்கவர் பாரம் ஏற்றுபவர்தான்.

வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் ஏறி இறங்கும்போது நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். குறுக்காகச் செல்வது கூடாது. சாய்வில் வண்டி நழுவத் தொடங்கினால் ஸ்டீரிங்கை மேற்புறம் திருப்பப் பார்ப்பது இயற்கை. கீழ்நோக்கித் திருப்பி இறங்கிவிடுவதே தப்பும் வழி. டிராக்டரில் டிரெய்லர் பூட்டியவர்கள் இறக்கத்தில் கால் வைக்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இறங்கும்போது கிளட்சை மிதிக்கலாகாது. பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி டிராக்டரை மடக்கிவிடும். இரு சக்கர டிரெய்லரில் மாட்டு வண்டிக்காரர் அறிந்த முன்பாரம், பின்பாரக் கணக்கும் உண்டு. பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேலே தூக்கி டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பைக் குறைக்கும். முன்பாரம் மிகுந்தால் முன்சக்கரங்கள் எடை குறைந்து ஸ்டீரிங் கேளாது.

புதைந்த லாரியை இழுக்க டிராக்டர் வருவதோடு அபாயம் தீர்வதில்லை, அப்பொழுதுதான் பெரிதாகிறது. சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலான இடத்தில் கட்டி இழுத்தாலும், டிராக்டரின் பின்சக்கரங்களே சிக்கி அசையாமல் நின்றாலும், சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய விசை டிராக்டரின் முன்பாகத்தை மேலே தூக்கிவிடும். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்து, டிராக்டர் பின்புறமாக மல்லாந்து ஓட்டுபவர் மேல் விழ இரண்டு விநாடிகூட ஆகாது. பயந்து கிளட்சை மிதிக்க நினைக்கும்போதே காரியம் மிஞ்சிவிடும். சேற்றில் சிக்கிய டிராக்டரின் பின்சக்கரங்களில் மரக்கட்டையைச் சங்கிலியால் பிணைத்து ஏற்றப் பார்க்கும் தந்திரம் இவற்றுள் மிகவும் பொல்லாதது. கட்டை தடுத்தவுடன் சக்கரம் நிற்கும், டிராக்டர் சுழலும். சங்கிலியை எப்போதும் தாழ்ந்த இழுவைக் கம்பியிலேயே பூட்ட வேண்டும். மெல்ல இறுக்கியபின் இழுக்க வேண்டும். சங்கிலி நீளத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் எவரும் நிற்கலாகாது. வேடிக்கை பார்க்கும் சிறுவர்கள்தாம் வழக்கமாக மிக அருகில் நிற்பவர்கள்.

ஸ்வீடன் தேசத்தில் 1959-ஆம் வருஷமுதல் புதிய டிராக்டர் ஒவ்வொன்றிலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் காப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அதன்பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. தமிழ்நாட்டு வயல்களில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் அச்சட்டம் இல்லை. நிழலுக்குத் துணிக்கூரை போடச் செலவிடுவோர் இதற்குச் செலவிடத் தயங்குவது விந்தையே.

டயரில் காற்றைக் குறைத்து ஓட்டும் முறையைச் சிலர் சிபாரிசு செய்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதனுள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தையே ஒத்தது. பார லாரியின் டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குக் குறையாமல் காற்று இருக்கும். டிராக்டரின் பின் டயரில் 12 முதல் 20 பவுண்டு வரையே இருக்கும். ஒரே வயலில் ஒன்று அமிழ்வதும் மற்றொன்று மிதப்பதும் இதனாலேயே. இரண்டாவது உலக யுத்தத்தில் 1942-இல் அமெரிக்கர் செய்த நீரிலும் நிலத்திலும் செல்லும் லாரியில், ஓட்டுபவர் இருக்கையிலிருந்தபடியே டயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழி செய்திருந்தார்கள். கடற்கரை மணலில் ஏறுவதற்கே அந்த ஏற்பாடு. ஆனால் அத்தகைய ஏற்பாடில்லாத லாரியில் காற்றைக் குறைத்தபின் யார் மீண்டும் அடைப்பது? பாரத்தோடும் குறைந்த காற்றோடும் தார்ச்சாலையில் ஓடும் டயர் சூடேறி வெடிக்கும். ஆகவே இம்முறை பம்பும் அளவுமானியும் உடன் கொண்டுவருவோர்க்கே ஏற்றது.

மண்ணுக்கு நேரும் கேடு கண்ணுக்குத் தெரிவதன்று. அதனாலேயே ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 2018-இல் மத்திய சர்க்கார் நான்கு டயர் கொண்ட ஓரச்சுக்கு அனுமதித்த பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. சாலையை உத்தேசித்துச் செய்த விதி அது. வயலிலோ, அச்சொன்றுக்கு 10 டன் அளவை எட்டும் பாரம் ஈர மண்ணில் ஓரடிக்குக் கீழேயும் இறுக்கத்தை உண்டாக்கும்; சாதாரணக் கலப்பை அங்கே எட்டாது; அவ்விறுக்கம் பல வருஷங்கள் நீடிக்கும். கரும்பில் இதற்கு மேலும் ஒரு நஷ்டம் உண்டு. சக்கரம் ஏறிய வரிசையில் கட்டைகள் நசுங்கி மறுதாம்புப் பயிர் சொத்தை விழும். லாரி வயலுக்குள் வந்ததால் மிச்சமாயிற்று என்று எண்ணிய சுமைகூலி, மறுதாம்பில் வட்டியோடு கழிந்துவிடுகிறது.

இவ்வளவும் தெரிந்தே குடியானவர் லாரியை உள்ளே விடுகிறார் என்பதையும் மறக்கலாகாது. ஆலையின் வெட்டு உத்தரவு வந்த நாளில் வயல் காய்ந்திருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. வெட்டிய கரும்பு நாளாக நாளாக எடையும் சாறும் குறையும். வெட்டுக் கூலி டன் கணக்கில். டிரைவருக்கு வருமானம் நடைக் கணக்கில். தலைச்சுமையாகச் சாலைவரை கொண்டுவர ஆள் கிடைப்பதில்லை. இந்நிலையில் “உள்ளே விடாதே” என்று உபதேசிப்பது மட்டும் போதாது. லாரி புதைந்தால் அன்றைய நடை போவது டிரைவருக்கு. வயல் கெடுவது குடியானவருக்கு. பாரத்தின் உயரத்தையும் வெட்டு நாளையும் நிர்ணயிப்பவர்களுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. பழுது இங்கேதான் இருக்கிறது. நாளைக் குறிப்பவர் நிலத்தின் ஈரத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பதும், மழையினால் தள்ளிப்போகும் வெட்டுக்குக் குடியானவர் முறையை இழக்கலாகாது என்பதும் ஆலைகள் ஏற்கத்தக்க நியாயமான கோரிக்கைகள்.

குடியானவர் தம் பங்கிற்குச் செய்யக்கூடியவையும் உள. வெட்டுக்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன்பே பாய்ச்சலை நிறுத்துவது சர்க்கரைச் சத்துக்கும் நல்லது, சக்கரத்துக்கும் நல்லது. சாலையோரத்தில் நாலைந்து குடியானவர்கள் சேர்ந்து கப்பிக்கல் பரப்பிய ஏற்றுமேடை ஒன்று அமைத்துக்கொண்டால், அகல டயர் பூட்டிய டிரெய்லரில் அரைப்பாரமாக அங்கே கொண்டுவந்து லாரியில் ஏற்றலாம். இரண்டு முறை ஏற்றி இறக்கும் கூலி கூடும் என்பது உண்மையே; வெட்டுக் காலத்தில் அது சிறு தொகையன்று. புதைந்த லாரிக்கு டிராக்டர் வாடகை, போன நடை, நசுங்கிய மறுதாம்பு ஆகியவற்றை அதற்கெதிரே வைத்துக் கணக்கிடுபவர் எதைத் தேர்வார் என்பதில் ஐயமிராது. ஐந்தாறு வருஷக் கணக்காகப் பார்ப்பதே முறை. ஒரு வருஷம் கோடையாய்ப் போனால் கணக்கு ஏமாற்றிவிடும்.

வயல் தாங்குமா என்று அறிய யந்திரம் ஒன்றும் வேண்டுவதில்லை. அரையடி ஆழத்து மண்ணைச் சிறிது எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே திரிபோல் உருட்டிப் பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு உடையாமல் திரி வருமாயின் ஈரம் அதிகம். லாரி சாலையிலேயே நிற்பது நலம். திரி வராமல் உதிர்ந்தால் இறக்கலாம். அப்பொழுதும் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று அளந்து வைத்து, எல்லா நடையும் அத்தடத்திலேயே செல்லுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வயல் முழுதும் சிறிது சிறிதாக இறுகுவதைவிட ஒரு கீற்று முழுதும் இறுகுவது மேல்.

தடம் விழுந்துவிட்ட வயலை ஈரத்தோடு உழுது மூடிவிடுவது பலருடைய வழக்கம். அதனால் மேலே மட்டமாகும்; உள்ளிறுக்கம் அப்படியே கிடக்கும். கட்டைப் பயிரை அழித்தபின், கோடையில் அடிமண்ணும் நன்கு காய்ந்து வெடிப்பு விடும் சமயத்தில், தடம் விழுந்த கீற்றுகளில் மட்டும் உளிக் கலப்பையை ஓரடிக்குக் குறையாத ஆழத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால் இறுகிய படலம் உடையும். ஈரத்தில் ஓட்டினால் உளி மண்ணைக் கிழித்துச் செல்லுமேயன்றி உடைக்காது. வாடகைப் பணம்தான் வீண்.